பழைய ஆப்டிப்ளெக்ஸுக்கு 20 ஆயிரம்: முதலில் கார்டா, பெட்டியா?

நித்யா_3டி
வீட்டில் இருப்பது டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 மினி டவர். ஐ5-3470, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 240 ஜிபி எஸ்எஸ்டி, 275 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசரோடு வந்த எச்டி 2500 கிராபிக்ஸ்தான். நான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் படிக்கிறேன். அதில் 3டி காட்சியைப் படமாக்கும் இன்ஜினான சைக்கிள்ஸில் ஒரு ஃபிரேம் ரெண்டர் போட்டுவிட்டுச் சமையலை முடித்து வந்தாலும் பாதிதான் ஓடியிருக்கிறது. தம்பி ராத்திரியில் வேலொரன்ட் ஆடுவான். கையில் 20 ஆயிரம் இருக்கிறது. கடையில் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ரிச்சி_ரவுண்ட்ஸ்
580 வேண்டவே வேண்டாம் சிஸ்டர். அது 185 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட், மிச்சம் தனி ஒயரில் வரணும். உங்க பவர் சப்ளைல அந்த 8 பின் ஒயரே இல்ல. "டிஸ்க்குக்கு வர்ற சாட்டா ஒயர்ல கன்வெர்ட்டர் போட்டுத் தரேன்"னு சொன்னா அந்தக் கடையை விட்டு வெளியே வந்துடுங்க. அந்த கனெக்டர் இவ்வளவு கரண்ட் தாங்க செஞ்சதில்ல, உருகிப் போயிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்க வேலைக்கே 580 உதவாது. 2021 கடைசியில பிளெண்டர் 3.0 வந்தப்போ, ஏஎம்டி கார்டுல சைக்கிள்ஸ் ஓட உதவின ஓபன்சிஎல்லை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வந்த எச்ஐபி 580 தலைமுறைக்கு இல்ல. பிளெண்டரோட இன்னொரு ரெண்டர் இன்ஜின் ஈவீ ஓடும், ஆனா சைக்கிள்ஸ் ரெண்டர் மறுபடியும் பிராசசர் தலையிலதான் விழும். காசு கொடுத்தும் அதே காத்திருப்பு.

இன்னொண்ணு, 2022 செப்டம்பர்ல கார்டு வச்சு எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசு எடுக்குற மைனிங் நின்னதும் அதுல ஓடின கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அதுல 580னு ஸ்டிக்கர் ஒட்டின 2048எஸ்பி மாடலும் கலந்திருக்கு. நிஜமான 580ல 2304 கோர். இது பேருக்கு 580, சரக்கு அதுக்குக் கீழ் மாடலான 570.

என் ஓட்டு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான், தனி ஒயர் வேண்டாம். அதே பேர்ல 8 ஜிபி ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒயர் வேணும். பில் போடும்போது 6 ஜிபியான்னு பார்த்து வாங்குங்க.

கொங்கு_சிப்
580 வேண்டாம் என்பதில் ரிச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரிங்க. அதற்குப் பிறகு சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. 2012-ல் வந்த பிராசசருக்குப் பக்கத்தில் போய் மொத்தக் காசையும் ஒரு கார்டில் கொட்டுவது எந்த விதத்தில் நியாயங்க?

தம்பி ஆடும் வேலொரன்ட் பிராசசரை நம்பி ஓடும் கேம். கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ஐ5 ஓர் அளவுக்கு மேல் ஃபிரேம் தராது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். 7010-ல் இருப்பது டிபிஎம் 1.2. எப்படியோ 11-ஐ ஏற்றிவிட்டாலும் வேலொரன்ட் அங்கே டிபிஎம் 2.0 கேட்டு நின்றுவிடும்.

நான் சொல்வது பெட்டியை, அதாவது முழு கம்ப்யூட்டரையே, முதலில் மாற்றுங்கள். கம்பெனிகளிலிருந்து வரும் ஐ5-8500 டவர்கள் செகண்ட்ஸில் கிடைக்கின்றன. ஆறு கோர், டிடிஆர்4 ராம், விண்டோஸ் 11 சிக்கலில்லாமல் ஏறும். கார்டு ஆறு மாதம் கழித்து வரட்டும்.

ரிச்சி_ரவுண்ட்ஸ்
கொங்கு அண்ணா, கேள்வி கேட்டவங்க தம்பி இல்ல, அக்கா. அவங்க வேலை ரெண்டர். நீங்க சொல்ற ஐ5-8500 வாங்கினா சைக்கிள்ஸ் கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். 3050ல ஒளிக் கணக்கை வேகமாப் போடுற ரே ட்ரேசிங் கோர் இருக்கு, பிளெண்டர்ல அதைப் பயன்படுத்துற ஆப்டிக்ஸ் செட்டிங்கை ஆன் பண்ணினா வித்தியாசம் அன்னைக்கே கண்ணுக்குத் தெரியும். ஆறு மாசம் காத்திருன்னு சொல்றது படிக்கிற பொண்ணுக்கு ஆறு மாசம் வீண். கார்டு எங்கேயும் போகாது. நாளைக்குப் பெட்டி மாத்தினா கழட்டி அதுல சொருகிக்கலாம். இந்தப் பெட்டிக்குன்னு இன்னைக்கு வாங்குற டிடிஆர்3 ராமை அப்படிக் கொண்டுபோக முடியுமா?

வன்னி_கணினி
இன்டெல் ஆர்க் ஏ380 எண்டு ஒண்டு இருக்குதே, 6 ஜிபி. அதையும் பாக்கலாமே? வீடியோ வேலைக்கு நல்லம், வீடியோவை ஏவி1 முறையிலை சுருக்கிற என்கோடர் இருக்கு.

கொங்கு_சிப்
நல்ல கார்டுதாங்க, ஆனால் இந்தப் பெட்டிக்கு ஆகாது. ஆர்க் கார்டுகள், கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்டவைக்கும் ரீசைசபிள் பார் வசதி இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். அது 7010-ன் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) இல்லை. இல்லாமல் போட்டால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். ஆர்எக்ஸ் 6400-ஐயும் சிலர் சொல்வார்கள். 53 வாட்தான் என்றாலும் அது போர்டோடு பேச நாலு லேன் (டேட்டா பாதை) மட்டுமே பயன்படுத்தும். 7010-ன் கார்டு ஸ்லாட்டான பிசிஐஇ 3.0-ல் நாலு லேன் என்றால் நொடிக்கு 4 ஜிபிக்கும் கீழே. அந்தக் கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் திணறும்.

ரிச்சிக்கு ஒரு வார்த்தை. ரெண்டர் கார்டில் ஓடினாலும் அந்த சீன் முதலில் ராமில் ஏற வேண்டும். மாடிஃபையர் (வடிவத்தை மாற்றும் கருவி), துணி சிமுலேஷன், பொருள்களைக் கார்டுக்கு அனுப்பும் முன் நடக்கும் தயாரிப்பு எல்லாம் பிராசசர் வேலை. 8 ஜிபி ராமில் பிரவுசரும் பிளெண்டரும் சேர்ந்து திறந்தாலே மூச்சு முட்டும். நீங்கள் ரெண்டர் பட்டனை அமுக்கிய பிறகு நடப்பதை மட்டும் பேசுகிறீர்கள். படிக்கிறவர்கள் நாளில் பெரும்பகுதி செலவழிப்பது அதற்கு முன்னால்தான். பவர் சப்ளைக்கும் பத்து வயது தாண்டிவிட்டது, அதை நம்பிப் புதுக் கார்டைச் சொருகச் சொல்கிறீர்கள்.

ரிச்சி_ரவுண்ட்ஸ்
ராம் விஷயத்துல நீங்க சொல்றது சரி, அதை நான் மறுக்கல. இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டா 16 ஆகும், ராமுக்கான ரெண்டு சேனலும் (பாதையும்) ஓடும். டிடிஆர்3 1600ல ஒரு ஸ்டிக் நொடிக்கு 12.8 ஜிபி வேகம்னா ரெண்டு சேர்ந்து 25.6. பழைய ராமுக்குப் பெரிய செலவு கிடையாது. கையோட நாலு த்ரெட் பத்தலைன்னா அதே சாக்கெட்ல ஐ7-3770 உட்காரும், எட்டு த்ரெட், அதே 77 வாட்.

பவர் கணக்கு பாருங்க. பிராசசர் 77, கார்டு 70, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 200-ஐத் தொடாது. 275 தாங்கும். பயமா இருந்தா பவர் சப்ளையையே மாத்திக்கலாம், 7010 டவர்ல போர்டுக்குப் போறது வழக்கமான 24 பின் கனெக்டர்தான். 9020 மாடல்ல டெல் அதுக்குப் பதிலா தன்னோட 8 பின்னுக்குப் போயிட்டாங்க, அங்கதான் தலைவலி.

நித்யா_3டி
ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. 1050 டிஐ பழசாக ஒன்று மலிவாகக் கிடைக்கும் என்று தோழி சொல்கிறாள். அது போதுமா?

ரிச்சி_ரவுண்ட்ஸ்
3050லயும் விஜிஏ வராது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாத்துற ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்கணும். வெறும் ஒயர்னா படம் வராது. 1050 டிஐ-யும் 75 வாட்தான், ஒயர் இல்லாத மாடல் நிறைய. ஆனா அது 2016 கார்டு, 4 ஜிபி. ரே ட்ரேசிங் கோர் கிடையாது. அந்த பாஸ்கல் வரிசைக்குப் புது கேம் டிரைவர் தர்றதை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். படிக்க ஆரம்பிக்கிறவங்க முடியப்போற கார்டுல ஏன் காசு போடணும்?

கொங்கு_சிப்
இதே வாதத்தைத்தாங்க நான் பெட்டிக்குச் சொன்னேன். ஆதரவு முடியப்போகும் கார்டு வேண்டாம், ஆதரவு முடிந்துபோன பெட்டி மட்டும் பரவாயில்லையா?

ரிச்சி_ரவுண்ட்ஸ்
பெட்டி ஏற்கனவே வீட்ல இருக்கு அண்ணா. கார்டு இனிமேதான் வாங்கணும். ரெண்டும் ஒண்ணில்ல.

நித்யா_3டி
யோசித்துவிட்டேன். இந்த வாரம் 8 ஜிபி ஸ்டிக்கும் கன்வெர்ட்டரும், பிறகு 3050 6 ஜிபி. ரெண்டர் எனக்கு இப்போதே வேண்டும். தம்பிக்கு எச்டி 2500-ஐ விட எதுவும் மேல்தான், அவனுக்கு அது போதும். அடுத்த வருஷம் ஸ்டைபண்ட் வந்ததும் கொங்கு அண்ணா சொன்ன 8-ஆம் தலைமுறைப் பெட்டி.

கொங்கு_சிப்
எனக்கு இன்னும் உடன்பாடில்லை, ஆனால் காசு உங்களுடையது, வேலையும் உங்களுடையது. போடுவதென்று முடிவானால் சிலதைக் கவனியுங்கள். கார்டைச் சொருகும் முன்பே டெல் தளத்தில் கடைசி பயாஸை ஏற்றிவிடுங்கள். பழைய பயாஸில் புதுக் கார்டு போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். ஒற்றை ஃபேன் உள்ள குட்டை மாடலாக வாங்குங்கள், ஹார்டு டிஸ்க் கூண்டு வரைக்கும் உள்ள நீளத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், வாரன்டிக்கு அதுதான் பிடி. பிளெண்டரில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் போய் ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் டிவைசை ஜிபியு என்று மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் கார்டு சும்மா இருக்கும், ரெண்டர் பிராசசரிலேயே ஓடும்.