"கொடுக்காதே"ன்னு ஒரு வசனம் காட்டுங்க பார்ப்போம்

தேரிக்காடு (இரவு 8:40)
நேத்து நம்ம குழுவுல ஒரு சாட்சி வந்தது, ஆண்டவர் எனக்கு இப்படி நன்மை செஞ்சார்னு ஒருத்தர் எழுதினது. வீட்டு வரைபட அனுமதி ஆறு மாசமா இழுத்துக்கிட்டே இருந்ததாம். மூணு நாள் உபவாசம் இருந்தாராம், "ஒரு சின்னச் செலவு" பண்ணாராம், நாலாம் நாள் அனுமதி கையில. கர்த்தருக்கே மகிமை. கீழே வரிசையா ஆமென். அந்தச் சின்னச் செலவு என்னன்னு ஒருத்தரும் கேட்கல. நான் கேட்டேன். வந்த பதில்: "வேதத்துல பரிதானம் (லஞ்சம்) வாங்காதேன்னுதான் இருக்கு பிரதர், கொடுக்காதேன்னு இல்ல."
எனக்கு ராத்திரி தூக்கம் வரல. உபவாசத்தால வந்த அனுமதின்னா கவர் எதுக்கு? கவரால வந்ததுன்னா மகிமையை அந்த ஆபீஸ் உதவியாளருக்குல்ல செலுத்தணும்?

ஓய்வு_தாசில்தார் (8:52)
அந்தப் பதிலைச் சொன்னது நான்தான். பேரை மறைச்சுக் குத்த வேண்டாம் தம்பி. 31 வருஷம் வருவாய்த்துறையில குப்பை கொட்டினவன் நான். யாத்திராகமம் 23:8 எடுத்துப் பாரும். "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." உபாகமம் 16:19, சங்கீதம் 15:5, ஏசாயா 33:15, எல்லாம் வாங்குறவனுக்குச் சொன்னது. கொடுக்காதேன்னு ஒரு வசனம் காட்டும். ஒண்ணே ஒண்ணு போதும்.

முத்துநகர் (9:01)
அப்போஸ்தலர் 8:20. மாயவித்தைக்காரன் சீமோன் அப்போஸ்தலர்கள்கிட்ட பணத்தை நீட்டினான். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது"ன்னார் பேதுரு. திட்டு வாங்கினது யாரு? கொடுக்க வந்தவன். கேட்டீங்க, காட்டிட்டேன். கடையை மூடலாமா அண்ணாச்சி?

ஓய்வு_தாசில்தார் (9:09)
அது பரிதானமா? அது வியாபாரம். பரிசுத்த ஆவியையே விலைக்குக் கேட்டான். அவனுக்கு அதுல என்ன உரிமை? என் பட்டா என் உரிமை. என் பொருளை எனக்குத் தர ஒருத்தன் கை நீட்டுறான், நான் கொடுத்துட்டு வாங்கிக்கிறேன். வசனம் கேட்டா கதை காட்டுறீரு.

முத்துநகர் (9:11)
அப்போஸ்தலர் நடபடிகள் கதையா!! எல்லாரும் பார்த்துக்கோங்க.

ஓய்வு_தாசில்தார் (9:14)
நடந்த சம்பவம்ங்கிற அர்த்தத்துல சொன்னேன். வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீரும். போன வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் கணக்கு விஷயத்துலயும் இதே வேலைதான் பண்ணினீரு.

பனையோலை (9:20)
நான் கொடுத்திருக்கேன். சொல்லிடறேன். 2017ல அப்பா இறந்தப்போ வாரிசுச் சான்றிதழுக்கு அலைஞ்சேன். எந்த ஆபீஸ்னு வேண்டாம். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை பக்கத்துல இருந்த ஒரு பெரியவர்தான், "அம்மா, அவரு மேஜை டிராயர் பாதி திறந்திருக்கு பாத்தியா"ன்னார். கையில வாங்க மாட்டார். நாமளா உள்ள போடணும், அவரு ஃபைலைப் பார்த்துக்கிட்டே முழங்கையால டிராயரைத் தள்ளி மூடுவார். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை, வருஷ வசனம் அச்சடிச்சுக் கொடுக்கிறது. நம்ம சபை அட்டைதான், எங்க வீட்டு அலமாரியிலயும் அதே ஒட்டியிருந்தது. அந்த வசனத்தைப் படிச்சுக்கிட்டே 6,000 ரூபாயைப் போட்டேன். இன்னைக்கும் அந்த வசனம் காதுல விழுந்தா வயித்தைப் பிசையுது.

ஓய்வு_தாசில்தார் (9:27)
தங்கச்சி, உங்க மேல என்ன பாவம்? உங்ககிட்ட வழிப்பறி நடந்திருக்கு. நல்ல சமாரியன் உவமையில கள்ளர் கையில அடிபட்டவனையா ஆண்டவர் குத்தம் சொன்னார்? இதைத்தான் நானும் சொல்றேன்.

பனையோலை (9:29)
அடிபட்டவன் கள்ளனுக்குக் கவர் போட்டுக் கொடுக்கலையே அண்ணே.

தேரிக்காடு (9:36)
அப்போஸ்தலர் 24:26. கைதியா இருந்த பவுல் பணம் தருவார், விட்டுடலாம்னு ரோம ஆளுநர் பெலிக்ஸ் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். பவுல் ஒரு காசு கொடுக்கல. ரெண்டு வருஷம் செசரியாவுல காவல். அடுத்த ஆளுநர் பெஸ்து வந்தப்பவும் கட்டோடதான் கிடந்தார். உரிமை உரிமைங்கிறீங்களே, ரோமக் குடிமகனுக்கு இல்லாத உரிமையா?

ஓய்வு_தாசில்தார் (9:40)
பவுல்கிட்டப் பணம் இல்ல.

முத்துநகர் (9:42)
அதே அதிகாரம் 17ஆம் வசனம். தர்மப்பணம் கொண்டுவந்தேன்னு அவரே பெலிக்ஸ் முன்னாடி சொல்றார். அதைக் கேட்டுத்தான் அவனுக்கு நாக்கு ஊறியிருக்கும்.

ஓய்வு_தாசில்தார் (9:45)
அது ஜனத்துக்குக் கொண்டுவந்த பணம், சொந்தப் பணம் இல்ல. அதை எடுத்துக் கொடுத்திருந்தா கையாடல். ஆக பவுல் கொடுக்கலங்கிறது சரி, கொடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதினாரா? பதிமூணு நிருபம் எழுதியிருக்கார். ஒரு வரி? கொடுக்காதேன்னு வசனம் காட்டுங்க.

சும்மா_வாசகன் (9:58)
நான் கோவிலுக்கும் போறதில்ல, சர்ச்சுக்கும் போறதில்ல. சட்டத்தை மட்டும் சொல்றேன். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018ல திருத்தினாங்க. 8ஆம் பிரிவுப்படி இப்ப லஞ்சம் கொடுக்கிறதும் நேரடிக் குற்றம், ஏழு வருஷம் வரை சிறை. கட்டாயப்படுத்திக் கேட்டதால கொடுத்தேன்னா தப்பிக்கலாம், ஆனா ஏழு நாளுக்குள்ள போலீஸ்லயோ விசாரணை அமைப்புலயோ சொல்லியிருக்கணும்.

ஓய்வு_தாசில்தார் (10:02)
பாத்தீங்களா! சட்டமே கட்டாயத்துக்கு வழி விட்டிருக்கு.

சும்மா_வாசகன் (10:03)
ஏழு நாளுக்குள்ள புகார் கொடுத்தா சார். சாட்சி கொடுத்தா இல்ல.

ஓய்வு_தாசில்தார் (10:15)
சட்டம் எனக்கே பாடமா? லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வச்சப்போ அரசுத் தரப்பு சாட்சியா ரெண்டு தடவை போயிருக்கேன். நோட்டுல பினாப்தலீன் பவுடர் தடவுவாங்க, கண்ணுக்குத் தெரியாது. ஆளைப் பிடிச்சதும் கண்ணாடி டம்ளர்ல சோடியம் கார்பனேட் கரைச்ச தண்ணி. விரலை முக்கினதும் ரோஸ் மில்க் மாதிரி ஆயிடும். ஒரு கிளார்க், என் வயசுதான். அந்த டம்ளரைப் பார்த்துட்டு "ஐயா, கை கழுவிட்டு வந்து மறுபடி முக்கட்டுமா"ன்னு கேட்டான். சிரிக்கவும் முடியல, அழவும் முடியல. அன்னைக்கு ரோஸ் ஆனது வாங்கினவன் விரல். கொடுத்தவன் விரலை யாரும் முக்கிப் பார்க்கல. யோசிங்க.

தேரிக்காடு (10:19)
கொடுத்தவர் புகார்தாரர். அந்த நோட்டு போலீஸ் பவுடர் தடவிக் கொடுத்து அனுப்பின நோட்டு. அவர் விரலை எதுக்கு முக்கணும்? இதுக்குத்தான் ரெண்டு தடவை சாட்சி போனீங்களா அண்ணாச்சி?

கடலோரம் (10:24)
ஒரு சின்ன விஷயம். பரிதானம் பரிதானம்னு எழுதுறீங்களே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா? எங்க கத்தோலிக்கத் திருச்சபையில வாசிக்கிற பொதுமொழிபெயர்ப்பு பைபிள்ல கையூட்டுன்னு பளிச்னு போட்டிருக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல நேப்பிள்ஸ் போனப்போ ஊழல் நாறுதுன்னு நேரா சொன்னார். கொடுக்கிறவன், வாங்குறவன்னு பிரிச்சுக்கிட்டு நிக்கல.

ஓய்வு_தாசில்தார் (10:28)
நாத்தம் ரோமாபுரியிலயே அடிச்சது. கர்தினால் பெச்சு, வத்திக்கான் பணத்துல லண்டன்ல கட்டடம் வாங்கின விவகாரம், 2023 டிசம்பர், அஞ்சரை வருஷம் சிறைத்தண்டனை. ஞாபகம் இருக்கா?

கடலோரம் (10:31)
இருக்கு. தண்டிச்சது வத்திக்கான் நீதிமன்றமேதான். உங்க திருமண்டல (சபை நிர்வாக) தேர்தல்ல யாரை யார் தண்டிச்சீங்க? ஓட்டுக்கு முந்தின நாள் ராத்திரி மண்டபத்துல பிரியாணி வாசம் எங்க தெரு வரைக்கும் வந்துதே.

முத்துநகர் (10:33)
பிரியாணி மட்டுமா, கவரும்தான். அண்ணாச்சி எந்த அணின்னு ஊருக்கே தெரியும்.

ஓய்வு_தாசில்தார் (10:35)
நான் எந்த அணியும் இல்ல. பிரியாணி சாப்பிட்டேன். விருந்துக்குப் போறது பாவம்னா அதுக்கும் வசனம் காட்டுங்க.

எழுப்புதல்_தீ (10:41)
சகோதரரே, இதெல்லாம் வீண் தர்க்கம். தேவ பயமுள்ள ஒருவர் ஆட்சிக்கு வந்தால் லஞ்சம் தானாக ஒழியும். ஜெபிப்போம்.

தேரிக்காடு (10:49)
வந்தாரே. ஜாம்பியாவுல அதிபரா வந்த சிலுபா, 1991 டிசம்பர்ல நாட்டையே கிறிஸ்தவ நாடுன்னு அறிவிச்சார். 2007ல லண்டன் நீதிமன்றம் அவரும் கூட்டாளிகளும் ஜாம்பியாவுக்கு 4.6 கோடி டாலர் மோசடி பண்ணினாங்கன்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஜெனீவா கடையில வாங்கின சூட்டுக்கும் செருப்புக்கும் கணக்கே இல்ல.

எழுப்புதல்_தீ (10:52)
2009ல லுசாகா நீதிமன்றத்தில் விடுதலையானதை ஏன் மறைக்கிறீர்கள்?

தேரிக்காடு (10:53)
உள்ளூர்ல விடுதலை. சரி. அந்தச் செருப்பை யாரு போட்டா?

ஓய்வு_தாசில்தார் (10:57)
ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டீங்க. கேள்வி இங்கேயே கிடக்கு. நீதிமொழிகள் 17:8, பரிதானம் இரத்தினம் மாதிரி, திரும்புற பக்கமெல்லாம் காரியம் வாய்க்கும்னு இருக்கு. 18:16, வெகுமதி பெரியவங்க முன்னாடி கொண்டுபோய் நிறுத்தும்னு இருக்கு. சாலொமோனே ஒத்துக்கிட்டதை நீங்க ஒத்துக்க மாட்டேங்கிறீங்க.

முத்துநகர் (11:00)
உலகம் இப்படி நடக்குதுன்னு சொல்றதுக்கும் இப்படி நடன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாமலா 31 வருஷம் ஃபைல் பார்த்தீங்க? லூக்கா 3:14ஐயும் கொஞ்சம் வாசிங்க. "உங்கள் சம்பளமே போதும்."

ஓய்வு_தாசில்தார் (11:02)
அதுவும் வாங்குறவனுக்குத்தான்! நன்றி. என் பக்கம் இன்னொரு வசனம். சர்வீஸ்ல ஒரு ரூபா வாங்கினதில்ல நான். பென்ஷன்ல மருமகன் வீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ரூம்ல கிடக்கேன். அதையும் எழுதிக்கோங்க.

பனையோலை (11:06)
அண்ணே, வரி வசூல்காரன் சகேயு, அநியாயமா வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்"னு சொன்னானே. அந்தக் கணக்குப்படி எனக்கு 24,000 வரணும். அந்த டிராயர்க்காரர் போன மாசம் நம்ம சபையில கமிட்டி மெம்பர் ஆயிட்டார். யார்கிட்ட கேட்கட்டும்?

ஓய்வு_தாசில்தார் (11:09)
அது தனி விஷயம் தங்கச்சி. தனியாப் பேசுவோம்.

சமாதான_இல்லம் (11:21)
பிரதர்ஸ், சாட்சி சொன்னது நான்தான். இவ்வளவு பெரிசாகும்னு நினைக்கல. எல்லா ஆவணமும் சரியாத்தான் இருந்தது. மேற்குப் பக்கம் விட வேண்டிய இடம் மட்டும் ரெண்டடி குறைஞ்சது, அதுவும் மாடிப்படி வச்சதால. அதுக்காகத்தான் உபவாசமே இருந்தேன். தாசில்தார் ஐயாதான் எங்க போய் யாரைப் பார்க்கணும்னு சொன்னாங்க.

தேரிக்காடு (11:22)
ரெண்டடி குறைஞ்சதா? அப்ப அது உரிமையா அண்ணாச்சி, சீமோனா?

முத்துநகர் (11:22)
"யாரைப் பார்க்கணும்"!!

ஓய்வு_தாசில்தார் (11:30)
ஆலோசனை சொல்றது பாவமா? ரெண்டடியெல்லாம் வரன்முறைப்படுத்திக்கலாம், அதுக்கு விதி இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. ரெண்டு மணி நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன், ஆதியாகமத்துல இருந்து வெளிப்படுத்தல் வரைக்கும் எங்க வேணா தேடுங்க. கொடுக்காதேன்னு ஒரு வசனம்.