சேர்விடாப்பிலுள்ள ‘விலகிய காரணத்தை’ ஆய்வுத் தரவாகக் கொள்ளலாமா?

டிக்கோயா ஆசிரியர்:

வணக்கம். ஹட்டன் பகுதியிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே கல்வி முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வைச் செய்துவருகிறேன். தரம் 9க்கும் 11க்கும் இடையில் மாணவர் இடைவிலகுவது ஏன் என்பதே தலைப்பு. களப்பணியில் இறங்கிய பிறகு இரண்டு இடங்களில் தடைப்பட்டு நிற்கிறேன்.

முதலாவது தடை சேர்விடாப்பு, அதாவது பாடசாலையில் சேரும் மாணவரின் பெயர்ப் பதிவேடு. ‘விலகியமைக்கான காரணம்’ என்ற பகுதியில் ஏறக்குறைய எல்லோருக்கும் ‘குடும்பச் சூழ்நிலை’ அல்லது ‘வேறிடம் சென்றார்’ என்றுதான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஏழு பெயர்களுக்கு எதிரே, ஒரே மையில், முதல் பெயருக்குக் காரணமும் மற்ற ஆறுக்கும் ‘மேற்படி’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இதை அட்டவணையாக்கி விழுக்காடு போட என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது தடை ஒப்புதல் படிவம். கடந்த மாதம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்ட மாணவனின் தாயோடு ஒரு மணி நேரம் பேசினேன். தேத்தண்ணீர் கொடுத்தார், மனம் விட்டுப் பேசினார். படிவத்தை எடுத்து வைத்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வாசலில் இருந்த அவருடைய மாமியார், “பேசுறதெல்லாம் பேசுங்க சேர், கையெழுத்து மட்டும் கேக்காதீங்க” என்றார். கையெழுத்து இல்லாததால் அந்த நேர்காணலை விட்டுவிட வேண்டுமா?

பசறை, ஓய்வுபெற்ற அதிபர்:

தம்பி, அந்த ‘மேற்படி’களை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆண்டு இறுதியில் இடாப்பைச் சரிபார்க்கும்போது, நீண்ட நாளாக வராத பிள்ளைகளின் பெயர்களை ஒரே அமர்வில் நீக்குவோம். ஆகவே பெயர் நீக்கிய திகதி வேறு, பிள்ளை விலகிய திகதி வேறு. ஆசிரியர் ஆளணி (பாடசாலைக்குரிய ஆசிரியர் எண்ணிக்கை) மாணவர் தொகையை வைத்தே கணிக்கப்படுவதால், பெயரை உடனே வெட்டிவிட எந்த அதிபருக்கும் அவசரம் இருப்பதில்லை. உண்மையான மாதத்தை அறிய வேண்டுமானால் வகுப்பு வரவு இடாப்பைப் பாருங்கள். முதலில் திங்கட்கிழமைகளில் வரவு விடுபடும், பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், பிறகு பக்கம் முழுவதும் வெறுமை. என் அனுபவத்தில் அந்தத் தேய்வு ஒரு தவணைக்கு முன்பே தொடங்கிவிடும்.

காரணப் பகுதிக்கு வருவோம். கட்டாயக் கல்வி வயது 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி 5 முதல் 14 வரை என்றிருந்து, 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘வேலைக்குச் சென்றார்’ என்று எழுதினால் அதிபரிடம் விளக்கம் கேட்பார்கள், தகப்பனுக்கும் தொல்லை. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினால் எவருக்கும் கேடில்லை என்று நினைத்தோம். இப்போது யோசித்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு.

எனவே இடாப்பை ஒதுக்கிவிடாமல், 2016க்கு முந்திய பக்கங்களோடு பிந்தியவற்றை ஒப்பிடுங்கள். முந்திய பக்கங்களில் ‘வேலை’ என்ற சொல் தென்பட்டுப் பின்னர் மறைந்திருந்தால், மாறியது பிள்ளைகளின் நிலையா அல்லது எழுதும் கையா என்று கேட்க உங்களுக்கு இடம் கிடைக்கும்.

பேராதனை ஆய்வு மாணவி:

அதிபர் ஐயா சொன்ன ஒப்பீடு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத வழிகாட்டல். அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன்: விலகியவர்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல், ஏதேனும் ஓர் ஆண்டில் தரம் 1இல் சேர்ந்த அனைவரையும் சேர்விலக்க வரிசைப்படி எடுத்து, ஒவ்வொருவரும் க.பொ.த. சாதாரண தரம்வரை எங்கே போனார் என்று தொடருங்கள். ‘வேறிடம் சென்றார்’ என்றவர்களில் உண்மையாகவே விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலையில் சேர்ந்தவர் யார், சேராதவர் யார் என்பது அப்போது பிரிந்து தெரியும்.

கையெழுத்து விடயத்தில், அந்த மாமியாரின் சொல்லே உங்கள் ஆய்வுக்கு ஒரு தரவு என்பது என் கருத்து. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டது. எந்த நாடு என்பதைப் படிவங்களும் விண்ணப்பங்களுமே தீர்த்தன. ஒரே வீட்டில் அண்ணன் ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் இந்தியாவுக்குப் போக, தம்பி தோட்டத்தில் நின்ற கதை எந்த லயத்திலும் கேட்கக் கிடைக்கும். நாடற்றோராக எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. அந்த மூதாட்டிக்குக் கையெழுத்து என்பது சடங்கன்று.

வாய்மொழி ஒப்புதல் ஆய்வு நெறிமுறைகளுக்குப் புதிதுமன்று. மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சின்கிப் பிரகடனமே, எழுத்தில் பெற இயலாத ஒப்புதலைச் சாட்சியின் முன்னிலையில் முறையாகப் பதிவுசெய்ய இடமளிக்கிறது. (அப்பிரகடனமும் 1964இல்தான் வந்தது, ஒரே ஆண்டில் இரண்டு விதமான கையெழுத்துகள்.) ஆனால் நேர்காணலை முடித்துவிட்டு நீங்களாகவே ‘வாய்மொழி ஒப்புதல்’ என்று எழுதிக்கொள்ளக் கூடாது. உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் சமர்ப்பித்து, அனுமதி கிடைத்த பிறகு அதே தாயிடம் மீண்டும் சென்று, முன்பு சொன்னவற்றைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடத்தான் வேண்டும்.

கொட்டகலை வாசகி:

நான் ஆய்வாளர் அல்லள், தோட்டத்தில் வளர்ந்தவள். நீங்கள் அந்த வீடுகளுக்குப் பிள்ளைகளின் ‘சேர்’ என்ற நிலையில்தான் போகிறீர்கள். தங்கச்சி இன்னும் உங்கள் வகுப்பில் இருக்கும்போது, அண்ணன் ஏன் நின்றான் என்று எந்தத் தாய் உண்மை சொல்வார்? வகுப்பில் அடித்தார்கள், சப்பாத்து இல்லையென்று வெளியே நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போனால் சம்பளக் கதைதான் வரும். பின்னேரம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருகிறவரை மறித்தும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் மனமெல்லாம் விறகிலும் தண்ணீரிலும் இருக்கும்.

டிக்கோயா ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. வாசகி சொன்னது சுடுகிறது. என்னிடம் உள்ள பதிவுகளில் பாடசாலையைப் பற்றி ஒரு குறைகூட இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன், அதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருந்தேன். என் பாடசாலையில் இடாப்பு வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, நேர்காணல்களை என்னை அறியாத வேறொரு தோட்டத்துக்கு மாற்ற மேற்பார்வையாளரிடம் கேட்கப்போகிறேன். அதிபர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பழைய வரவு இடாப்புகள் பாடசாலையில் இல்லையென்றால் எங்கே தேடுவது?

பசறை, ஓய்வுபெற்ற அதிபர்:

அலுமாரியில் இல்லையென்றால் களஞ்சிய அறையில், உடைந்த மேசைகளுக்குப் பின்னால், தம்பி. மழைக்காலம் தொடங்குமுன் பாருங்கள். அதிபரின் எழுத்துமூல அனுமதியோடு அங்கேயே வைத்துப் படமெடுங்கள், வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.