இது கருந்தலைச் சிலம்பனா?

கேள்வி: வால்பாறைப் பக்கம், சோலைக்காட்டு ஓரம். இடுப்பளவுப் புதருக்குள் ஏழெட்டுச் சின்னப் பறவைகள். தலை கறுப்பு, முதுகு பழுப்பு, கண் வெளிர்மஞ்சள். கரகரவென்று திட்டிக்கொண்டே நகர்ந்தன. கேமராவில் சிக்கியது இலை மட்டும்தான். என்ன பறவை?

பதில்: கண் வெளிர் என்றால் கருந்தலைச் சிலம்பனேதான். 13 செ.மீ. இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும்தான் அதன் வீடு. கூட்டமாகவே பூச்சி தேடும்.

கேட்டவர்: நன்றிங்க. பக்கத்தில் காய்ந்த மூங்கில் இலையைப் பந்தாக உருட்டிச் செருகியதுபோல் ஒரு கூடு. எட்டிப் பார்த்தேன், முட்டையே இல்லை. யாராவது எடுத்திருப்பார்களோ?

இன்னொருவர்: அப்படி இருக்காது சார். இரவு அடைவதற்கென்றே சும்மா ஒரு கூடு கட்டிவைக்கும். முட்டையிடுவது வேறு கூட்டில், பெரும்பாலும் இரண்டுதான். அப்புறம், கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாமே.