911 நம்பகத்தன்மைச் சான்று: சிறு தொலைபேசி நிறுவனமும் தாக்கல் செய்ய வேண்டுமா?

வயல்வரப்பு:
அமெரிக்காவில் கிராமப்புறத் தொலைபேசி நிறுவனம் ஒன்றைப் பற்றிய கேள்வி. 911 (அவசர உதவி எண்) அழைப்பை உரிய மையத்துக்குத் திருப்பும் செலக்டிவ் ரவுட்டரும், அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும் இருப்பிட டேட்டாபேஸும் வேறொரு பெரிய நிறுவனத்திடம். கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) அவசர அழைப்பு மையத்துக்குப் போகும் 911 ட்ரங்குகள், அதாவது அந்த அழைப்புகளைச் சுமக்கும் லைன்கள், மட்டும் எங்கள் சென்ட்ரல் ஆஃபீஸை (தொலைபேசி இணைப்பகம்) கடக்கின்றன. அக்டோபர் 15-க்குள் எஃப்.சி.சி.யிடம் (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), பாதை, பவர், கண்காணிப்பு பற்றிய நம்பகத்தன்மைச் சான்றை நாங்களும் தர வேண்டுமா? ஃபைபர் ரிங் (ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே போகும்படி வளையமாக இழுத்த கேபிள்) உண்டு, ஆனால் ஆற்றுப்பாலத்தில் இரண்டு பக்கமும் ஒரே குழாயில் போகிறது. பேட்டரி 8 மணி நேரம் தாங்கும். போர்ட்டபிள் ஜெனரேட்டர் ஒன்று, மூன்று ஆஃபீஸுக்கும் பொது.

ட்ரங்க்லைன்:
தர வேண்டும். எஃப்.சி.சி. விதி 9.19-இன்படி, மையத்தை அடையும் முன் 911 ட்ரங்கு கடக்கும் கடைசி ஆஃபீஸ் யாருடையதோ அவருக்கும் பொறுப்பு உண்டு. மையத்தின் நிர்வாக லைன் (911 அல்லாத அலுவலக லைன்) மட்டும் உங்கள் வழியாகப் போனாலும் இதே நிலைதான். பலர் கண்ணில் படாத வரி அது. விலக்கு அரசு மையங்களுக்கும், அழைப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நின்றுகொள்பவர்களுக்கும்தான்.

ரிங் விஷயத்தில் உங்கள் வரைபடத்தை நம்ப வேண்டாம். ஓரிடத்தில் ஒரு அடி விழுந்தால் இரண்டும் போகும் என்றால் விதி அதை இரண்டு பாதையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே கேபிள், ஒரே சர்க்யூட் போர்டு என்றாலும் அப்படித்தான். ஆண்டுக்கொரு முறை பாதைத் தணிக்கை செய்து, முக்கிய சர்க்யூட்டுகளை இன்வென்டரியில் (சர்க்யூட் பதிவேட்டில்) டேக் செய்யுங்கள். டேக் இல்லாவிட்டால், அடுத்த முறை யாராவது சர்க்யூட்டை இடம் மாற்றும்போது இரண்டையும் ஒரே கார்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். குத்தகைக்கு எடுத்த பகுதி இருந்தால் உரிமையாளரிடம் பாதை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பாலத்துக்காக உடனே புதுக் கேபிள் இழுத்தே ஆக வேண்டும் என்றில்லை. படிவத்தில் ‘மாற்று நடவடிக்கை’ என்று குறித்து விளக்கலாம்: ஆற்றைத் தாண்ட மைக்ரோவேவ் இணைப்பு, அல்லது பக்கத்து கவுண்டி மையத்துக்கு அழைப்பைத் திருப்பும் ஏற்பாடு. அது உங்கள் சூழலில் ஏன் போதும் என்பதையும் எழுத வேண்டும். ‘செலவு அதிகம்’ என்ற ஒற்றை வரியை நான் அனுப்பமாட்டேன்.

டீசல்மணி:
பவர்தான் உங்கள் பலவீனம். செலக்டிவ் ரவுட்டர் உள்ள ஆஃபீஸுக்கு 72 மணி நேர மாற்று மின்சாரம் வேண்டும். உங்களுக்கு 24, அதுவும் ஆஃபீஸின் முழு லோடில். போர்ட்டபிள் ஜெனரேட்டருக்கு அனுமதி உண்டு. ஆனால் வேறு ஆஃபீஸுக்குத் தேவைப்பட்டாலும்கூட, பேட்டரி தீருவதற்குள் அது இங்கே கைவசம் இருக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்றால் ஒரே புயலில் கணக்கு உதைக்கும்.

அந்த 8 மணி நேரம் புது பேட்டரிக்கா? கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரி அதே லோடில் 6 மணி நேரம் நின்றாலே பெரிது. முழு லோடில் டிஸ்சார்ஜ் டெஸ்ட் செய்து அந்த எண்ணை எழுதுங்கள். 20 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் முழு லோடில் மணிக்கு ஏறக்குறைய 6 லிட்டர் குடிக்கும், அதாவது 24 மணி நேரத்துக்கு 145 லிட்டர் சுமார். டேங்க் அவ்வளவு பிடிக்காது என்றால் நடுராத்திரியில் யார் ஊற்றுவது என்பதும் திட்டத்தில் வர வேண்டும்.

இரண்டு ஜெனரேட்டர் வைத்தால் ஒன்று நின்றதும் மற்றது லோடு தாங்காமல் சாயாதபடி அமையுங்கள். 2012 ஜூன் 29 புயலில் வட வர்ஜீனியாவில் ஜெனரேட்டர்கள் கைவிட்டதை ஒட்டித்தான் 2013-இல் இந்த விதிகளே வந்தன.

வயல்வரப்பு:
நன்றி. படிவத்தின் நெட்வொர்க் கண்காணிப்புப் பகுதிக்கு என்ன காட்டுவது? நெட்வொர்க் மேனேஜர் கையெழுத்து போதுமா?

ட்ரங்க்லைன்:
பழுதைச் சொல்லும் அலாரம் தகவல் திரளும் இடங்களையும், அங்கிருந்து கண்காணிப்பு அறைக்குப் போகும் லிங்குகளையும் தணிக்கை செய்ய வேண்டும். உங்கள் அலாரமும் அதே பாலத்தைக் கடக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். கடந்தால், ட்ரங்கு அறுந்த செய்தியே உங்களுக்கு வராது.

கையெழுத்து, சேவைப் பகுதி முழுவதிலும் நெட்வொர்க் இயக்கத்தின் மேற்பார்வையும் பட்ஜெட் அதிகாரமும் உள்ள நிறுவன அதிகாரியுடையதாக இருக்க வேண்டும். மேனேஜருக்கு அந்தப் பதவி இல்லையென்றால் செல்லாது. ஆதார ஆவணங்களை 2 ஆண்டு வைத்திருங்கள். தேதி தவறியதற்காகவே சிறு நிறுவனங்கள் அபராதம் கட்டியதுண்டு, எனவே பாலத்துக்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்காமல், இருக்கும் நிலையை எழுதித் தாக்கல் செய்துவிடுங்கள்.