கை ‘விறைப்பு’ என்பதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது? அவசரம்

கிளிநொச்சிப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே வந்து நாலு மாதம். இவருக்குக் கை விறைப்பு. போன கிழமை டொக்டரிடம் போனபோது அகராதி பார்த்து ‘ஸ்டிஃப்’ என்று சொன்னேன். அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், நன்றாக அசைகிறதே என்றார், இரண்டு பயிற்சி காட்டி, பனடோல் போடச் சொல்லி அனுப்பிவிட்டார். நேற்று இரவு இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு கதைத்துக்கொண்டு நின்றார். கோப்பை நழுவி விழுந்து உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது தன் கையில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்குத் திரும்பவும் போன் எடுக்க வேண்டும். சிக், இல், வீக், சோர் எல்லாம் ஒன்றா, வேறு வேறா? எதைச் சொன்னால் விளங்கும்?

புதுக்குடியிருப்பான், ரொறன்ரோ:
தங்கச்சி, பயப்பட வேண்டாம். ‘சிக்’ என்றால் எல்லாவற்றுக்கும் போதும். இங்கே சளி, காய்ச்சல், வயிற்றுக்குத்து எதற்கும் அதுதான். நான் 2011 ஜனவரியில் வந்து இறங்கினேன், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஒருநாள் தடிமன், காய்ச்சல். அதைச் சொல்ல நினைத்து ‘ஐ ஆம் கோல்ட்’ என்றேன். முதலாளி தன் ஜக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, திரும்ப வேலைக்கு விட்டுவிட்டார். ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் குளிருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். தடிமன் என்றால் ‘ஐ ஹாவ் எ கோல்ட்’ என்று சொல்ல வேண்டுமாம். காய்ச்சலோடு இரவு பதினொரு மணி வரை நின்று கழுவினேன். அந்தப் பனிக்காலம் முழுக்க வாயே திறக்காமல் கழிந்தது. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

வற்றாப்பளை அக்கா, லண்டன்:
தம்பி, பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறா என்று கேட்காமல் சொல்லாதையுங்கோ. எட்டு மணிக்குப் போன் எடுக்க வேணும் என்கிறா, பிரித்தானியா போலத்தான் தெரிகிறது. இங்கே ‘ஐ வாஸ் சிக்’ என்றால் நான் சத்தி எடுத்தேன் என்றுதான் விளங்கும். என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது நானும் ‘சிக்’ என்றேன். எத்தனை தடவை, என்ன நிறம், இரத்தம் இருந்ததா என்று போனில் கேட்டுக்கொண்டே போனார்கள். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. சுகமில்லை என்றால் ‘அன்வெல்’ அல்லது ‘இல்’. ‘அன்வெல்’ மெதுவான சொல், ‘இல்’ கொஞ்சம் பாரம் கூட. கூட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவர்களுக்கு நல்லாக வரும்.

கனகராயன்:
எங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித்தந்தது? மல்லாவியில் ஒரு வருடம், பிறகு இடம்பெயர்வு, பிறகு விசுவமடு, 2009இல் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வகுப்பு. இங்கிலிஷ் பாடத்துக்கு வாத்தியார் கிடைத்த மாதத்தை விரல் விட்டு எண்ணலாம். ‘குட், பெட்டர், பெஸ்ட்’ பாடமாக்கியதோடு சரி. இங்கே லண்டனில் மேற்பார்வையாளர் என் வேலையை ‘குவைட் குட்’ என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். ஒரு வருடம் கழித்துத்தான் கூட வேலை செய்தவர் சொன்னார், அது ‘பரவாயில்லை’ என்ற அளவுதான் என்று. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் மனம் நோகும்.

புதுக்குடியிருப்பான், ரொறன்ரோ:
இல்லை அண்ணை, இங்கே ‘குவைட் குட்’ என்றால் மிக நல்லது என்றுதான் எடுப்பார்கள்.

வற்றாப்பளை அக்கா, லண்டன்:
இங்கே அப்படியில்லை. குரலைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ‘சீப்’ என்ற சொல்லும் இப்படித்தான். சிநேகிதி வாங்கிய உடுப்பைப் பார்த்து, மலிவாக நல்ல சாமான் எடுத்திருக்கிறா என்ற நினைப்பில் ‘சீப்’ என்றேன், முகம் கறுத்துவிட்டது. அந்தச் சொல்லில் மட்டமான சாமான் என்ற கருத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டுசுட்டான் நேர்ஸ், பேர்மிங்ஹாம்:
எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கோ. பிள்ளை, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கோ. எந்தக் கை? எப்போது தொடங்கியது? திடீரென்று ஒரு பக்கம் முழுக்க வந்ததா? வாய் கோணியதா, பேச்சுக் குழறியதா? இதில் ஒன்று திடீரென வந்தாலும் எட்டு மணிக்குக் காத்திருக்கக் கூடாது, இப்போதே அவசர எண் 999. சொல் தேட வேண்டாம், ‘ஸ்ட்ரோக்’ என்ற ஒரு சொல் போதும்.

கிளிநொச்சிப் பிள்ளை:
மன்னிக்கவும் அக்கா, எழுத மறந்துவிட்டேன். லெஸ்டரில் இருக்கிறோம். வலது கை. மூன்று கிழமையாக. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும்தான். இரவில் கூடும், கையை உதறினால் கொஞ்சம் குறையும். பெட்டி கட்டி ஒட்டுகிற வேலை. முகம், பேச்சு எல்லாம் வழமைபோல.

ஒட்டுசுட்டான் நேர்ஸ், பேர்மிங்ஹாம்:
சரி, இப்போது விளங்குகிறது. என்ன வருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்கிற டொக்டர் சொல்லட்டும். சிக்கல் நம்முடைய ‘விறைப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. காலையில் எழும்ப நாரி விறைச்சுப் பிடிக்கிறதும் நமக்கு விறைப்பு, தொட்டால் தெரியாமல் மரத்துப்போவதும் விறைப்பு. இங்கிலிஷில் முதலாவதுக்கு ‘ஸ்டிஃப்’, மடக்க நீட்டக் கஷ்டம் என்று அர்த்தம். அதனால்தான் அவர் மடக்கிப் பார்த்துவிட்டு விட்டார். மரத்துப்போனது ‘நம்’. எழுதும்போது கடைசியில் ஒரு பி வரும், ஒலிக்காது. எறும்பு ஊர்ந்தால், ஊசி குத்தினால் ‘டிங்ளி’. தொட்டால் தெரிகிறது, ஆனால் போத்தல் மூடி திறக்கப் பலம் இல்லை என்றால் ‘வீக்’. இவருக்கு இதில் எது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கோ. கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் பஞ்சால் தொடுங்கோ. தெரியவில்லை என்றால் ‘நம்’, மூடி திறக்க முடியாவிட்டால் ‘வீக்’கும் சேர்த்துச் சொல்லுங்கோ.

‘சோர்’ என்றால் தொடாமலே நோகிற இடத்துக்கும் சொல்லலாம், ‘டெண்டர்’ என்றால் அமத்தினால் நோகும். நம்முடைய உளைவு ‘டல்’ என்ற சொல்லுக்குக் கிட்ட வரும், குத்து ‘ஷார்ப்’, எரிவு ‘பர்னிங்’. இன்னொன்று, டொக்டர் ‘அக்யூட்’ என்றால் கடுமையானது என்று பயப்படாதையுங்கோ, திடீரென வந்தது என்றுதான் அர்த்தம். ‘குரோனிக்’ என்றால் நெடுநாளாக இருப்பது. கடுமை என்பதற்குச் ‘சிவியர்’ என்ற சொல் தனியாக இருக்கிறது.

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதையுங்கோ. அப்பாவின் வருத்தத்தைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டிவரும். காலையில் போன் எடுத்தவுடனே ‘தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்’ என்று சொல்லுங்கோ. என்எச்எஸ்ஸில், அதுதான் இங்கத்தைய அரச மருத்துவ சேவையில், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. பேச இரண்டு மடங்கு நேரம் போகும், அதனால் ‘டபுள் அப்பொயின்ட்மென்ட்’ கேளுங்கோ. இரவில் கூடினால் என்எச்எஸ்ஸின் மருத்துவ உதவி எண் 111, அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இன்றிரவே தமிழில் எழுதி வையுங்கோ: எந்த விரல்கள், எத்தனை நாள், எப்போது கூடுகிறது, கோப்பை விழுந்தது. கோப்பை விழுந்ததைக் கட்டாயம் சொல்லுங்கோ.

வற்றாப்பளை அக்கா, லண்டன்:
பிள்ளையைக் கூட்டிப்போகச் சொன்னது என் பிழை. என் மகனை நான் அப்படித்தான் கொண்டு திரிந்தேன்.

கிளிநொச்சிப் பிள்ளை, நாலு நாள் கழித்து:
எல்லோருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார், மட்டக்களப்பு அக்கா. இவர் ‘விறைப்பு’ என்று தொடங்கியதும், “எந்த விறைப்பு தம்பி, மடக்க ஏலாதா, தொட்டால் தெரியாதா?” என்று அவரே கேட்டார். டொக்டர் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார், இரவில் மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டி போடச் சொன்னார். வேலையிடத்துக்கு ‘லைட் டியூட்டி’ என்று கடிதம் தந்தார். இந்த ‘லைட்’ என்றால் பாரம் தூக்காத வேலையா, குறைந்த நேர வேலையா? திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.