அணுமின்சாரம் வரப்போகிறது என்கிறார்கள்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

தொடக்கப் பதிவு: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் இடம்பெற்றதிலிருந்து நம் ஊர்க் கோப்பிக்கடைகளில் இதே பேச்சுதான். மின்கட்டணம் குறையுமா என்று ஒருவர் கேட்பார். "புக்கிட் மேரா மறந்துபோயிற்றா?" என்று அடுத்த மேசையிலிருந்து குரல் வரும். பேச்சு அதோடு நின்றுவிடும். கதிரியக்கத்தோடும் அதைக் கையாளும் ஆலைகளோடும் அதிகாரிகளோடும் நேரடியாகப் பழகியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும் என்றே இதைத் தொடங்குகிறேன்.

இளையவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் இருந்தது அணுமின் நிலையம் அல்ல. வெள்ளீயச் சுரங்கத்தில் மிஞ்சும் அமாங்கிலிருந்து மோனசைட் என்ற கனிமத்தை எடுத்து, அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த ஆலை. 1982இல் இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அணுசக்தி உரிமச் சட்டமோ 1984இல்தான் வந்தது. உரிம வாரியம் அமைந்தது 1985இல். வேலை தொடங்கிய பிறகுதான் காவலுக்கு ஆள் வந்தது. என்னைப் பொறுத்தவரை எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. தோண்டியெடுத்த கழிவு இன்று கிலேடாங் மலைப் பகுதியில் புதைக்கப்பட்டிருக்கிறது.

இனி நான் கண்டது. பக்கத்து ஊர் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. பேச வந்த இளம் பொறியாளர் நம் பிள்ளை, விஷயம் தெரிந்தவர். இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேர்கிறது, அணுசக்தித் துறையால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரக்கூடியதற்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு என்று படம் போட்டுக் காட்டினார். முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் மருந்தடித்தவர். கட்டைவிரலை நீட்டினார். நகம் நடுவில் பிளந்து, மஞ்சளித்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. "இந்த மருந்துக்கும் பயப்பட வேண்டாம் என்று சொல்லித்தான் தம்பி, முதுகில் தோம்பை ஏற்றினார்கள்" என்றார். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத்தடை 2020இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகளும் பாட்டியின் விரலில் இருந்தன.

அந்தப் பொறியாளரை இன்றும் மதிக்கிறேன். அடுத்த படத்துக்குத் தாவாமல் மேடையை விட்டு இறங்கி வந்தார். பாட்டிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு என்ன தெரிந்தால் நம்புவீர்கள் பாட்டி?" என்றார். "அளக்கிற கருவி யார் கையில் இருக்கும், அதைச் சொல்" என்றார் பாட்டி. அன்றைக்கு எழுந்த கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான்.

மறுமொழி: தொழிலகக் கதிர்ப்படச் சோதனையாளர், கோலகங்சார்

ஆசிரியர் ஐயா, பாட்டியின் கேள்விக்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

செம்பனை ஆலைகளில் கொதிகலனின் பற்றவைப்புச் சரியாக இருக்கிறதா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பது என் தொழில். பயன்படுத்துவது இரிடியம்-192. அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாள். கதிர் வீசும் அந்த இரிடியத் துண்டை 'மூலம்' என்போம். அது தடித்த கவசப் பெட்டிக்குள் இருக்கும். தொலைவில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பிவழியே வெளியே போகும். படம் பதிந்ததும் திரும்பச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டது என்று கைப்பிடி சொன்னால் போதாது. கதிர்வீச்சு அளவியைக் கையில் ஏந்திப் பெட்டிவரை நடந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் உலகெங்கும் நடந்த மோசமான விபத்துகளில் பல, அந்த ஒரு நடையைத் தவிர்த்ததால் வந்தவை. மூலம் குழாயில் சிக்கியிருக்கும், ஆள் அருகில் போய்விடுவார்.

ஒரு தடவை ஓர் ஆலையில் இரவு வேலை. கயிறு கட்டி மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளைத் தொங்கவிட்டோம். ஆலைக் காவலாளி, ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன், வேலையைத் தொடங்க விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லயத்து வீடுகள். "குழந்தைகள் தூங்குகிறார்கள். உங்கள் கயிறு அவர்களுக்குத் தெரியுமா?" என்றார். என் கூட்டாளிக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது முறையான கேள்வி. மாற்று அளவியை அவர் கையில் கொடுத்து, எந்த எண்ணுக்கு மேல் போகக்கூடாது என்று காட்டினேன். மூலம் வெளியே இருந்த நேரத்தில் கயிற்றின் ஓரமாகவே சுவர்வரை நடந்தார். ஓரிடத்தில் முள் சற்று ஏறியது. உடனே கையை உயர்த்தினார். மூலத்தை உள்ளே இழுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கயிற்றைத் தள்ளிக் கட்டினோம். மறுபடி எடுத்தபோது முள் அசையவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆலையில் எங்களுக்கு அவரைப் போல் துணை நின்றவர் வேறு யாரும் இல்லை. தேநீர் குடிக்க வெளியே வந்த தொழிலாளர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தியவரே அவர்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு வண்டியில் கொண்டுபோன இரிடியம் கருவி ஒன்று, 23 கிலோ எடையுள்ளது, வழியில் காணாமல்போனது. நாளேடுகளில் வந்த செய்தி. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வாரம் தூக்கமில்லை. வேலியும் உரிமமும் வைத்திருக்கும் துறையிலேயே இது நடந்தது. அணுமின் நிலையத்துக்கு இதைப்போல் பல மடங்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு நம் நாட்டில் சாத்தியம் என்றே நம்புகிறேன். சிலாங்கூரில் பாங்கி என்ற ஊரில் 1982 முதல் ஒரு மெகாவாட் ஆய்வு உலை ஓடுகிறது, அதை நடத்திப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்பிக்கை என்பது நான் கொடுத்து நீங்கள் வாங்குவது இல்லை.

மறுமொழி: இல்லத்தரசி, மெங்லெம்பு

எனக்கு நீளமாக எழுத வராது. 1987இல் புக்கிட் மேராவில் ஆலையை எதிர்த்துப் பல ஆயிரம் பேர் ஊர்வலம் போனபோது அம்மாவும் போனார். பக்கத்து வீட்டுச் சீன ஆச்சியோடு கைகோத்துக்கொண்டு போனார். அதே ஆண்டு அக்டோபரில், விசாரணையின்றிப் பலரைப் பிடித்து அடைத்த ஓப்ஸ் லாலாங் கைதுகளில் அந்த எதிர்ப்புக் குழுவினர் சிலரும் பிடிபட்டார்கள். பயந்து கேள்வி கேட்டவரைப் பிடித்துப் போட்டால் அந்தப் பயம் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும் என்பது எங்கள் வீட்டில் நான் கண்டது. கோலகங்சார் தம்பி அந்த அண்ணன் கையில் கருவியைக் கொடுத்தது எனக்குப் பிடித்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு அதை யாராவது செய்திருந்தால் அம்மா தெருவுக்கே வந்திருக்க மாட்டார்.

மறுமொழி: கனரக வாகன ஓட்டுநர், பீடோர்

அப்பா வழி உறவெல்லாம் திருநெல்வேலிப் பக்கம், ராதாபுரம் வட்டாரம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்களை அத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கும் குடும்பம் அது. மாமா நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். உலை உருகினால் தாங்கிக்கொள்ளும் பிடிகலம் அடியில் இருக்கிறது, மின்சாரம் நின்றாலும் வெப்பத்தைத் தானாகவே இறக்கும் அமைப்பு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார். அத்தை கடற்கரைக்காரர்களோடு இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர். 2011இல் ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பிறகு எழுந்த போராட்டம் அது. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் மீனவர் ஒருவர் இறந்தார்.

இருவரும் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு. இந்தியாவில் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. "எந்த ரோட்டில் பஸ் வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார்கள், ஆடு மாட்டை யார் பார்ப்பார்கள்?" இந்தக் கேள்விக்கு மாமாவாலும் பதில் சொல்ல முடியவில்லை. பொறியியலை அவர் முழுசாக நம்புகிறார், ரோட்டை நம்பவில்லை. நான் லாரி ஓட்டுகிறவன், எனக்கு அது நன்றாகப் புரிகிறது. நம் தோட்டத்து மண் ரோடு மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுமொழி: தொடக்கப் பதிவர்

எழுதிய மூவருக்கும் நன்றி. பீடோர் தம்பி கேட்டதையும் பாட்டி கேட்டதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

ஜப்பானில் ஓனாகாவா என்று ஒரு நிலையம் இருக்கிறது. 2011 நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமா டாய்ச்சியைவிட அருகில் இருப்பது. அங்கும் ஏறத்தாழ 13 மீட்டர் அலை அடித்தது. ஆனால் அதைக் கட்டும்போதே தளம் 14.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று யானோசுகே ஹிராய் என்ற மின்துறைப் பொறியாளர் பிடிவாதமாக நின்றார். 869ஆம் ஆண்டு வந்த பேரலை அவர் நினைவில் இருந்தது. ஃபுகுஷிமாவிலோ 35 மீட்டர் உயரமிருந்த நிலத்தை 10 மீட்டருக்குச் செதுக்கி இறக்கியிருந்தார்கள். ஓனாகாவா பத்திரமாக நின்றது. வீடிழந்த ஊர்மக்கள் 300க்கும் மேற்பட்டவர்கள் அந்த நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். அணுமின் நிலையத்தைத் தேடி ஊரே அடைக்கலம் போனது என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பின்லாந்தில் ஊராட்சி மன்றம் வேண்டாம் என்றால் அணு நிலையத் திட்டம் நகராது, சட்டமே அப்படி. கழிவைப் பாறைக்கடியில் வைக்க யூராயோகி ஊராட்சி 2000இல் வாக்களித்து ஒப்புக்கொண்டது. மறுக்கும் உரிமை கையில் இருந்ததால்தான் ஒப்புக்கொள்ளவும் முடிந்தது என்பது என் எண்ணம். அந்த உரிமையை இங்கும் சட்டத்தில் எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

பேராக்கில் நிலையம் வருகிறதோ இல்லையோ, அடுத்த விளக்கக் கூட்டத்துக்கு நான் இந்தக் கேள்விகளோடு போகப்போகிறேன். அளவிகள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் மருந்தகத்திலும் எல்லாரும் பார்க்கும்படி இருக்குமா? வெளியேறும் வழித்திட்டம் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வீட்டுக்கு வீடு வருமா? கழிவு எந்த ஊருக்குப் போகும், அந்த ஊரை யார் கேட்பார்கள்? லாஹாட், பாப்பான் பக்கத்து உறுப்பினர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. கழிவுக் கிடங்குக்காக அன்று பார்க்கப்பட்ட இடங்களில் பாப்பானும் ஒன்று. அங்கே அன்று என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.