சம்ப் அகலப்படுத்தியாச்சு: டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதா, லிட்டரைப் பார்ப்பதா?

எஸ்டீம்1300
வண்டி மாருதி எஸ்டீம். கோவை கரி ரேஸ் ட்ராக்கில் வளைவுகளில் ஆயில் பிரஷர் முள் விழுவதால் சம்பின் (என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒரு பக்கம் 'விங்' (பக்கவாட்டுப் பெட்டி) வைத்து வெல்ட் செய்திருக்கிறது. ஆழம் பழையபடியேதான். விங்கின் உள்ளளவு 25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், டிப்ஸ்டிக்கின் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) 'மாக்ஸ்' (அதிகபட்ச) மட்டத்துக்குக் கீழே 6 செ.மீ. ஆழம். பழைய அளவு ஆயில் ஊற்றினால் 'மின்' (குறைந்தபட்ச) கோட்டை ஒட்டி நிற்கிறது. மாக்ஸ் வரை ஊற்றினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயிலில் அடிக்குமா? டிப்ஸ்டிக்கில் புதுக் கோடு போடணுமா?

ஆயில்கேன்
மேனுவலில் போட்ட லிட்டருக்கு மேலே போகாதீங்க ப்ரோ. கூடினா நுரை கட்டும், பிரீதர் (என்ஜின் ஆவி வெளியேறும் குழாய்) வழியா ஏர் ஃபில்டருக்குள்ள ஆயில் வரும்.

லேத்பட்டறை
மேனுவல் லிட்டர் பழைய சம்புக்குப் போட்டது, இதுக்கு ஒத்து வராது. நுரை கட்டுறது மட்டம் ஏறி கிராங்கோட கவுண்டர் வெயிட் (சமநிலை எடை) ஆயிலைத் தொடும்போதுதான். எத்தனை லிட்டர் உள்ளே இருக்குன்னு கிராங்குக்குத் தெரியாது. டிப்ஸ்டிக் குழாய் என்ஜின் பிளாக்கிலேயே இருந்து, வளையாமலும் இருந்தா மாக்ஸ் கோடு இப்பவும் அதே உயரம்தான். புதுக் கோடு வேண்டாம்.

உங்க கணக்கு: 25 × 8 × 6 = 1,200 க.செ.மீ., அதாவது 1.2 லிட்டர். பழைய அளவோட அதையும் சேர்த்து ஊற்றினாத்தான் பழைய மாக்ஸ் வரும். பழைய சம்பில் மின்-மாக்ஸ் இடைவெளி 1 லிட்டர், உயரம் 20 மி.மீ.ன்னு வச்சுக்குவோம். அப்போ பரப்பு 500 ச.செ.மீ., விங்கோட 700. 1.2 லிட்டர் குறைஞ்சா மட்டம் சுமார் 17 மி.மீ. இறங்கும். மின்னை ஒட்டி நிற்குதுன்னு சொன்னது சரியாத்தான் இருக்கு.

மாறினது ஒண்ணு உண்டு. இப்போ மின்-மாக்ஸ் இடைவெளி 1.4 லிட்டர். முன்னே கால் லிட்டருக்கு 5 மி.மீ. ஏறினது, இனி 3.6 மி.மீ.தான் ஏறும். டாப்-அப் பண்ணும்போது 'இன்னும் ஏறலையே'ன்னு அவசரப்படாதீங்க.

ரசமட்டம்
சந்தேகம் தீர வேண்டுமானால் கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். ஆயில் ஊற்றும் முன்பே டிரெயின் போல்ட்டைக் கழற்றி, அதே மரையில் லேத்தில் ஒரு நிப்பிள் கடைந்து பூட்டுங்கள். உள்ளே தெரியும் டியூபை மாட்டி மேல் முனையைத் திறந்தபடி என்ஜின் பக்கவாட்டில் கட்டுங்கள். உள்ளே எந்த மட்டமோ அதுவே டியூபிலும் நிற்கும். ஆயில் கெட்டியாக இருப்பதால் சில நிமிடம் பொறுக்க வேண்டும். சம்ப் பிளாக்கோடு சேரும் கேஸ்கட் முகத்திலிருந்து அந்த மட்டம் எத்தனை மி.மீ. கீழே என்று ஸ்கேலில் அளந்து, டிப்ஸ்டிக்கோடு ஒப்பிடுங்கள். குச்சி சாய்வாக இறங்குவதை மறக்க வேண்டாம்: தரையோடு 60 டிகிரியில் இருந்தால் 10 மி.மீ. உயரம் குச்சியில் 11.5 மி.மீ.யாகத் தெரியும், 45 டிகிரியில் 14 மி.மீ. டியூபை என்ஜின் நிற்கும்போது மட்டும்தான் மாட்ட வேண்டும்; அளந்ததும் ஆயிலை வடித்து, அதைக் கழற்றி டிரெயின் போல்ட்டைப் பூட்டிவிடுங்கள்.

முதல் முறை ஊற்றும்போது கணக்குப் போட்ட மொத்தத்தில் அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். ஸ்பார்க்கைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து 2 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டரும் வழிகளும் நிரம்பியிருக்கும். 10 நிமிடம் கழித்துப் பார்த்து 200 மி.லி. வீதம் ஏற்றுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும்: 40 செ.மீ. நீளச் சம்ப் 2 டிகிரி சாய்ந்தாலே இரு முனைகளுக்கும் 14 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். வாசல் சரிவில் பார்த்த அளவை நம்பாதீர்கள்.

எஸ்டீம்1300
நன்றி. உள்ளே பேஃபிள் தகடும் (ஆயில் அலையாமல் தடுப்பது) வைத்திருக்கிறது. நிறுத்திய உடனே ஒரு அளவு, அரை மணி கழித்து வேறு அளவு காட்டுகிறது. அதற்கும் விங்தான் காரணமா?

லேத்பட்டறை
பேஃபிள் ஓட்டை சின்னதா இருந்தா விங்கில் இருக்கிற ஆயில் மெதுவாத்தான் நடு அறைக்கு வரும். தகட்டோட அடியில் தரையை ஒட்டியே வழி இருக்கணும். விங்கோட கூரையோரம் காத்துப் போக ஒரு 6 மி.மீ. ஓட்டையும் வேணும். இல்லேன்னா மேலே காத்து அடைச்சுக்கிட்டு ஆயிலை முழுசா ஏற விடாது. குச்சி நுனி தகட்டில் முட்டி வளையுதான்னும் பாருங்க: நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி இறக்கி எடுங்க, ஒரு பக்கம் வழிச்ச மாதிரி வந்தா முட்டுதுன்னு அர்த்தம்.

மாட்டும் முன்னாடி வெல்டுக்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வச்சீங்களா? இல்லேன்னா இப்பவாவது இறக்கிச் செய்யுங்க. ஊசி ஓட்டை இருந்தா சுண்ணாம்பில் ஈரக் கறை தெரியும். வெல்ட் சூட்டில் கேஸ்கட் முகம் வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல கவிழ்த்துப் பாருங்க.

ஆயில்கேன்
லிட்டர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். சம்பை அகலத்துக்குப் பதிலா ஆழமாக்கினாலும் இதே கணக்குதானா?

ரசமட்டம்
மாக்ஸ் மட்டம் அதேதான். ஆனால் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் அந்த அளவுக்கு நீட்டி, அதன் நுனியிலுள்ள ஸ்ட்ரெய்னருக்கும் (வடிகட்டி வலை) சம்பின் தரைக்கும் 8-10 மி.மீ. விட வேண்டும். நீட்டாவிட்டால் கூடுதல் ஆயில் அடியில் சும்மா கிடக்கும். டிரெயின் போல்ட் பழைய உயரத்திலேயே இருந்தால் பழைய ஆயிலும் அங்கேயே தங்கும். அடுத்த முறை முழு அளவு ஊற்றினால் மாக்ஸைத் தாண்டிவிடும். அதோடு, நம்ம ஊர் வேகத்தடைக்கு ஆழச் சம்ப் தாங்காது.